மட்டாஞ்சேரியில் இரண்டு கார்களும் ஓர் இடப்பக்க இருக்கையும்

கோயம்புத்தூரிலிருந்து கொச்சிக்குக் காரில் போக எவ்வளவு நேரம் ஆகும், பாதை எப்படி என்று மூன்று பேர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். இந்த 2008 ஜனவரி கடைசியில் போய் வந்தேன். குடியரசு தினம் சனிக்கிழமையில் வந்ததால், திங்கள் ஒரு நாள் விடுப்புப் போட்டால் போதும் என்று கணக்கு. ஆனால் ஊர் சுற்றப் போகவில்லை. ஒரு பழைய காருக்குத் தீர்ப்புச் சொல்லப் போனேன். அதனால் பாதைக் குறிப்புகளோடு அந்தக் கதையும் கலந்துதான் வரும். பொறுமை இல்லாதவர்கள் கடைசிக்கு முந்தைய பத்திக்குப் போய்விடலாம்.

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்துச் சேதம் எழுதும் இன்சூரன்ஸ் சர்வேயர் வேலை எனக்கு. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இதனால் கண் கெட்டுப்போய்விட்டது. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற காரைப் பார்த்தாலும், முன் பம்பர் மறுபெயின்ட் அடித்தது என்றுதான் முதலில் தெரியும். மாலதி, என் மனைவி, இதற்காகவே என்னோடு விசேஷங்களுக்கு வரத் தயங்குவாள்.

அவளுடைய அண்ணன் செல்வராஜ் மட்டாஞ்சேரியில் இருக்கிறார். மூன்று தலைமுறைக்கு முன் நகரசபை வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். மச்சானுக்கு வயது ஐம்பத்தெட்டு. இடக்கொச்சியில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபோர்மேன். அவர் மனைவி கமலா அக்கா நகரசபை அலுவலகத்தில் கிளார்க்.

மச்சானிடம் ஒரு கார் இருக்கிறது. 1958-இல் இங்கிலாந்தில் செய்த, கூரையில்லாத, இரண்டே இருக்கையுள்ள ஸ்போர்ட்ஸ் கார். ஏதோ எஸ்டேட் துரை விட்டுப்போனது. 1992-இல் பஜார் ரோட்டில் ஒரு சுக்கு கோடவுனைக் காலி செய்தபோது, மூட்டைகளுக்குப் பின்னால் நான்கு டயரும் இல்லாமல் கிடந்ததாம். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்து, 1996-இல் ஓட வைத்தார்.

இப்போது பிரச்சினை இதுதான். கமலா அக்காவின் தங்கை வீடு ஆலுவாவில். போக இரண்டு பஸ் மாற வேண்டும். முழங்கால் வலி வேறு. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இரண்டு பஸ் மாறிப் போகிற பெண் இந்தக் கொச்சியிலேயே நான் ஒருத்திதான் என்பது அக்காவின் குற்றச்சாட்டு. பழையதை விற்றுவிட்டு, நான்கு கதவுள்ள ஒரு வண்டி வாங்கச் சொன்னார். மச்சான் மாட்டேன் என்றார். இதற்கிடையே, பழைய கார்கள் சேர்க்கும் பெங்களூர்க்காரர் ஒருவர், சரி என்றால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். நான் வந்து பார்ப்பது. வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் சொன்னால் அது வீட்டில் இருக்கும், இல்லையென்றால் லாரியில் ஏறும்.

வியாழக்கிழமை கமலா அக்கா தனியாகப் போன் செய்தார். “தம்பி, வண்டி கொள்ளாதுன்னு ஒரு வாக்கு சொல்லிருங்க. அது மதி.” வண்டி சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். எனக்குச் சங்கடமாகிவிட்டது. இத்தனை வருடத்தில் நான் பொய் ரிப்போர்ட் எழுதியதில்லை. பார்த்துச் சொல்கிறேன் அக்கா என்று போனை வைத்தேன்.

சனிக்கிழமை காலை 5.10-க்கு சிங்காநல்லூரில் கிளம்பினோம். என்னுடையது நான்கு மாதமே ஆன செடான் கார். வாளையார் சோதனைச்சாவடி 5.55. பாலக்காட்டில் அரை மணி நேரம் டிபன், இருவருக்கும் சேர்த்து 62 ரூபாய். அதற்குப் பிறகு திருச்சூர் வரை ரோடு மோசம். குதிரான் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் முப்பத்தைந்து நிமிடம் ஊர்ந்தோம். அங்கே முந்தப் பார்க்காதீர்கள், அப்படி முந்திய வண்டிகளுக்குத்தான் நான் சேதம் எழுதுகிறேன். மண்ணுத்தி, அங்கமாலி, ஆலுவா, இடப்பள்ளி, குண்டன்னூர், தோப்பும்படி வழியாக மட்டாஞ்சேரி சேர்ந்தபோது மணி 11.20. மீட்டரில் 198 கிலோமீட்டர். பதினைந்து லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 750 ரூபாய்.

புது வண்டியைப் பற்றிப் பெருமையாகவே சொல்வேன். பவர் ஸ்டீயரிங் ஒரு விரலுக்கு அடங்குகிறது. ஏசி போட்டுவிட்டால் வெளியே லாரி ஹார்ன் அடிப்பதுகூடப் பக்கத்து வீட்டு டிவி மாதிரிதான் கேட்கும். ஆறு மணி நேரம் ஓட்டியும் எனக்கு இடுப்பு வலிக்கவில்லை. ஆனால் மச்சான் வீட்டுச் சந்துக்குள் அது நுழையவில்லை. முந்நூறு மீட்டர் தள்ளி, ஒரு மிளகு கோடவுன் வாசலில் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்திவிட்டு, பையைச் சுமந்துகொண்டு நடந்தோம். இரண்டு இருக்கைக் கார் மட்டும் சந்துக்குள் ராஜா மாதிரி நின்றது. கரும்பச்சை நிறம், உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.

“மாப்ள, வேண்டுவோளம் நோக்கிக்கோங்க. வண்டிக்கு ஒரு குழப்பமும் இல்ல” என்றார் மச்சான். வேண்டிய மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கோளாறு இல்லை என்பதைக் கொச்சியில் அப்படித்தான் சொல்வார்கள்.

உண்மையிலேயே ஒரு குழப்பமும் இல்லை. எஞ்சினைக் கையில் கட்டிய வாட்ச் மாதிரி வைத்திருந்தார். நான்கு சக்கரத்திலும் பிரேக் பிடித்தது. அடியில் தார் கலந்த கறுப்புப் பூச்சு தடிமனாக, ஒழுங்காக இருந்தது. ஓட்டுநர் பக்கத்தில் காலடியில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். புதுத் தகடு, சீரான வெல்டிங், ரெட் ஆக்சைடு, அதன்மேல் கறுப்பு பெயின்ட். இடப்பக்க இருக்கையில் டூல் பெட்டி, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், மாற்று ஃபேன் பெல்ட், ஒரு பழைய டியூப் எல்லாம் நிரந்தரக் குடியிருப்பாக இருந்தன. அவற்றை இறக்கி வைக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வண்டிக்காரர் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறாரோ, அதற்கு எதிர்ப்பக்கத்தை முதலில் பார்ப்பதுதான் என் வேலையின் அரிச்சுவடி. சொந்தக்காரர் வண்டி என்றதும் மறந்துவிட்டேன்.

அன்று மாலைக்குள் முடிவு செய்துவிட்டேன். வண்டி நன்றாக இருக்கிறது, அப்படியே சொல்ல வேண்டியதுதான். கமலா அக்கா சோறு பரிமாறும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

ரோட்டில் ஓடவிட்டுப் பார்க்காமல் ரிப்போர்ட் கிடையாது. ஞாயிறு காலை 6.40-க்கு இரண்டு கார்களும் ஆலுவாவுக்குக் கிளம்பின. மச்சான் தனியாகப் பச்சைக் காரில். பின்னால் என் செடானில் நான், மாலதி, கமலா அக்கா. அக்காவுக்குத் தங்கை வீட்டையும் எட்டிப் பார்த்த மாதிரி ஆகும்.

பின்னாலிருந்து பார்க்க அந்தக் கார் அழகாகத்தான் இருந்தது. திரும்பும்போது மச்சான் வலது கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினார். எதிரே வந்த பஸ் டிரைவர் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார். என் வண்டியை நான்கு மாதத்தில் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, சுங்கச்சாவடிக்காரர்கள் உட்பட. பச்சைக் காரின் இருக்கை தரையிலிருந்து பதினான்கு அங்குலம், என்னுடையது இருபத்தொன்று. அது லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுக்கும், இது பதின்மூன்று. அதில் பெல்ட் இல்லை, கூரை இல்லை, மழை வந்தால் பாலத்தடியில் ஒதுங்க வேண்டும். இவ்வளவும் தெரிந்தும், அந்த நேரத்தில் யாராவது மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தால் நான் சாவியை நீட்டியிருப்பேன். பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

29 கிலோமீட்டரை ஐம்பத்தைந்து நிமிடத்தில் கடந்தோம். ஆலுவாவில் பெரியாற்றங்கரை ஓரமாக ஒரு கடையில் சாயா, ஒன்று நான்கு ரூபாய். திரும்பும்போது பச்சைக் காரை நான் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. மச்சான் சாவியைத் தர இரண்டு முறை யோசித்தார்.

அப்போது கமலா அக்கா சொன்னார். “தம்பி, நானும் அதுல வர்றேன். நாளைக்குப் போனாலும் போகிற வண்டி. ஒரு தடவ இருந்து பாக்கலாம்.”

“நீ மாப்ள காரில வா கமலம். அது தாழ்ந்த சீட்டு, உன் முட்டுக்கு ஆகாது” என்றார் மச்சான்.

“என் முட்டு எனக்கு அறியாம்.” தெரியும் என்பதுதான் அங்கே ‘அறியாம்’.

ஆள் ஏறுவதற்கு முன் பார்ப்பது பழக்கம். டூல் பெட்டியையும் கேனையும் இறக்கி வைத்து, இடப்பக்க மேட்டைத் தூக்கினேன். ஈரமும் துருவுமாக ஒரு வாடை வந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தியதும் அது பப்படத்தில் விரல் போன மாதிரி உள்ளே போனது. ஓட்டை வழியாக ஆற்று மணல் தெரிந்தது. தரைத் தகடு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. அடியில் அடித்த கறுப்புப் பூச்சுதான் தகடு மாதிரி நடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்து காலை ஊன்றியிருந்தால் அக்காவின் கால் ரோட்டில் இருந்திருக்கும்.

நிமிர்ந்து கேட்டேன். “மச்சான், வலப்பக்கம் எத்தனை தடவை தகடு மாத்தினீங்க?”

“மூணு தடவ. உப்புக் காத்தல்லே, நிக்காது.”

“இந்தப் பக்கம்?”

அவர் மேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அங்க ஆரும் இருக்கறதில்லையே மாப்ள” என்றார்.

எந்தக் கள்ளமும் இல்லாமல்தான் சொன்னார். அதனால்தான் கேட்க அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

ஆள் இல்லாமல் நின்ற காரைப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின்னால் வலப்பக்கம் கொஞ்சம் தூக்கி நின்றது. டேப் வைத்து அளந்தேன், சரியாக ஓர் அங்குலம். குனிந்து பார்த்தேன். பட்டை ஸ்பிரிங்கில் இடப்பக்கம் ஐந்து பட்டை, வலப்பக்கம் ஆறு.

“ஓட்டறவன் வெயிட்டு ஒரு பக்கமால்லா இருக்கு. வண்டி நேரா நிக்கணும்லா. அதான் ஆரம்பத்திலேயே ஒரு பட்டை கூட வச்சேன்” என்றார் மச்சான். பட்டறையில் ஆளில்லாத படகைக்கூட நீரில் இறக்கி மட்டம் பார்க்கிற மனிதர் அவர். தான் உட்கார்ந்தால் கார் மட்டமாக நிற்கிறதா என்று பார்த்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்து அவர் மட்டம் பார்க்கவே இல்லை.

கமலா அக்கா சாயா கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். “தொண்ணூத்தாறுல, வண்டி ஓடின முதல் நாளு, என்னைக் கூட்டிட்டு இடக்கொச்சி வரைக்கும் போனாரு தம்பி. நான் பட்டுச் சேலை கட்டியிருந்தேன். பட்டறை வாசல்ல எல்லாரும் நிக்கறப்ப, ‘கமலம் நீ இறங்கு, நீ இருந்தா இடப்பக்கம் தாழுது’ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. பின்னே நான் ஏறல.”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“சொன்னீங்க.”

“தாழ்ந்தது அந்தக் கூடுதல் பட்டையால மச்சான். அக்கா வெயிட்டால இல்ல” என்றேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. ஆனால் அதுதான் ரிப்போர்ட். முழுவதையும் சொல்லிவிட்டேன். ஓட்டுபவருக்கு இந்த வண்டி இன்னும் பத்து வருடம் தாங்கும். கூட வருபவர் இதில் ஏறவே கூடாது.

அக்கா கேட்ட தீர்ப்பு ஒரு விதத்தில் கிடைத்துவிட்டது. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. தங்கை வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல் என் செடானின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் பச்சைக் காரை ஓட்டவில்லை. மச்சான் மட்டும் தனியாக ஓட்டி வந்தார், அறுபதைத் தாண்டாமல்.

மதியம் சாப்பிட்டதும் பெங்களூர்க்காரருக்குப் போன் செய்து லாரியை வரச் சொல்லிவிட்டு, மச்சான் என்னைக் கூப்பிட்டார். பட்டறைக்கு ஞாயிறு விடுமுறை, சாவி அவரிடம்தான் இருந்தது. ஒன்றரை மணிக்கு ஆரம்பித்து மாலை ஆறே காலுக்கு முடித்தார். இடப்பக்க இருக்கையைக் கழற்றி, அழுகிய தகட்டை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். வலப்பக்கத்தின் ஆறாவது பட்டையை உருவி எடுத்தார். அவர் பிடிக்கச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். இடையில் ஒரு முறை சொன்னேன். “நாளைக்கு வாங்க வர்றவர் இதுக்காக ஒரு ரூபாகூட ஏத்தித் தரமாட்டார் மச்சான்.”

“அறியாம் மாப்ள. அந்த ஜாக்கியை இங்கிட்டு நீக்குங்க.”

திங்கள் காலை ஆறேகாலுக்கு இருவரும் பச்சைக் காரில் கிளம்பிப் போனார்கள். எங்கே என்று சொல்லவில்லை. ஏழரை ஆனது, எட்டரை ஆனது. ஏதாவது வெல்டிங் விட்டிருக்குமோ என்று இரண்டு முறை சந்து முனை வரை போய்ப் பார்த்தேன், பாதித் தகட்டை நான்தானே பிடித்தேன். மாலதி மட்டும் நிம்மதியாகச் சுள்ளிக்கல் வரை நடந்து போய் மாவு வாங்கி வந்தாள். 8.50-க்குச் சந்து முனையில் சத்தம் கேட்டது. அக்காவின் தலைமுடி முழுக்கக் காற்றில் கலைந்திருந்தது. இறங்க மச்சான் கை கொடுத்தார். பதினான்கு அங்குலம் என்பது முழங்கால் வலிக்காரருக்குக் கிணறு.

“பெங்களூர்க்காரரை வேண்டாம்னு சொல்லிரட்டா?” என்று கேட்டார் மச்சான். அதை எங்கள் முன்னாலேயே கேட்டார்.

அக்கா முடியை முடிந்துகொண்டே யோசித்தார். “நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லப்படாது. பட்சே இதுல ஒறங்க முடியாது. தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு வர்றப்ப எனக்குக் கொஞ்சம் ஒறங்கணும். குடுத்துரலாம்.”

லாரி 10.20-க்கு வந்தது. மச்சான் பத்திரங்களைக் கொடுத்து, சோக் எப்படி இழுக்க வேண்டும் என்று இரண்டு முறை காட்டிவிட்டு, ஏற்றி முடியும்வரை நிற்காமல் பட்டறைக்கு நடந்தே போய்விட்டார். அக்கா உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

மதியம் ஒன்றரைக்குக் கிளம்பினோம். அங்கமாலி தாண்டியதும் மாலதியிடம் கேட்டேன். “நம்ம வண்டியில உனக்கு ஏதாவது சிரமம் இருக்கா?” அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தவள் குதிரான் இறக்கம்வரை நிறுத்தவில்லை. ஏசிக் காற்று நேராக அவள் முழங்காலில்தான் அடிக்கிறதாம். வெயில் தடுப்புப் பலகை அவள் உயரத்துக்கு எட்டாததால், காலையில் கிழக்கே போனாலும் சரி, மாலையில் மேற்கே போனாலும் சரி, கண் கூசுகிறதாம். நான் ஒரு லாரியை முந்தும் ஒவ்வொரு முறையும் அவள் இல்லாத பிரேக்கை மிதிக்கிறாளாம். நான்கு மாதமாக. மேலே நான் எழுதிய செடான் புகழ் மொத்தமும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுதியது என்பதை வாசகர்கள் கவனிக்கவும். எனக்கு வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஐந்தரைக்கு முன் கிளம்பினால் குதிரானைச் சமாளிக்கலாம். பெட்ரோல், சாப்பாடு, இதர செலவு எல்லாம் சேர்த்துப் போக வர இருவருக்கு 2,100 ரூபாய் ஆனது, தங்கியது உறவினர் வீட்டில். டிசம்பர், ஜனவரியில் அந்தப் பக்கம் அறை வாடகை எக்கச்சக்கம். காரை எர்ணாகுளத்தில் நிறுத்திவிட்டுப் படகில் மட்டாஞ்சேரி போவது உத்தமம், இரண்டரை ரூபாய் டிக்கெட்டில் சந்துகளில் மாட்டும் அவஸ்தை மிச்சம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். முதலில் இடப்பக்க மேட்டைத் தூக்குங்கள். புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் கூட உட்காரப்போகிறவரை அழைத்துக்கொண்டு போங்கள், ஓட்டிப் பார்க்கும்போது அவரையும் கேளுங்கள்.

இதை எழுதி முடித்த நேரத்தில் கமலா அக்கா போன் செய்தார். நேற்று பள்ளுருத்திப் பக்கம் ஒரு பழைய செடானைப் பார்க்கப் போனார்களாம். மச்சான் சாவியையே வாங்கவில்லையாம். புரோக்கரை ஓட்டச் சொல்லிவிட்டு, இவர் சுற்றி வந்து இடப்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாராம். எஞ்சின் நன்றாகத்தான் இருந்ததாம். ஆனால் ஒன்பது கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்து, முட்டு இடிக்கிறது, இந்த வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.